பேச்சை எழுத்தாக்கும் பொறி: ஒரு தெரிவின் அனுபவங்கள்

பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் ஒன்றுக்கொன்று வேறானவை என்பது இம்மலரின் வாசகர்க்குப் புதிய செய்தியன்று. தமிழ்த்துறை விரிவுரைகளில் அது பலகாலும் எடுத்தோதப்படுவது. அவ்வேறுபாடு ஏட்டுக் கருத்தாக மட்டும் நில்லாது, ஒரு மாணவியின் பரீட்சைப் பெறுபேற்றையே மாற்றவல்ல நடைமுறைச் சிக்கலாகவும் உருவெடுக்கக் கூடும் என்பதைக் கடந்த இரண்டாண்டுகளிற் கண்கூடாகக் கண்டேன். கணனித்துறையைச் சார்ந்த நான் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுத முற்பட்டமைக்கு அதுவே காரணமாகும்.

எமது கலைப்பீடத்தில் மூன்றாண்டுகளுக்கு முன்னர் ஒரு மாணவி சேர்ந்தாள். பதினோராவது வயதிற் கண்ட மூளைக்காய்ச்சலின் பின் இரு செவிகளினதும் கேட்குந்திறனை இழந்தவள். அதற்கு முன்னரே பேசவும் வாசிக்கவும் நன்கு பழகியிருந்தமையாற் சரளமாகப் பேசுவாள். எம்மிற் பலரைவிடக் கூடுதலாக வாசிப்பாள். விரிவுரையாளரின் உதட்டசைவைப் பார்த்துப் பாதியை விளங்கிக்கொள்வாள். விரிவுரையாளர் பலகையை நோக்கித் திரும்பினால் அந்தப் பாதியும் போய்விடும். தோழியரின் குறிப்புக் கொப்பிகளே அவளுக்குத் துணையாயிருந்தன. குறிப்பெடுத்தவர் எதனை முக்கியமெனக் கருதினாரோ அதுவே அவளுக்கு விரிவுரை. இந்நிலையை மாற்றும் பொருட்டு எமது துறை இறுதியாண்டு மாணவர் மூவரும் நானும் ஒரு சிறு செயலியை ஆக்க முனைந்தோம். விரிவுரையாளர் சட்டைக் கழுத்தில் ஓர் ஒலிவாங்கியை அணிந்துகொள்வார். அவர் பேசுவது மாணவியின் மேசையிலுள்ள கைக்கணனியின் திரையில் எழுத்தாக ஓடும். இவ்வளவுதான் திட்டம்.

செயலியின் வெளிக்கூட்டை ஆக்குவது அரிதாக இருக்கவில்லை. குரலை வாங்கி அனுப்புதல், திரும்பி வரும் எழுத்தைத் திரையிற் காட்டுதல் ஆகிய இரண்டும் இரு வாரங்களில் முடிந்தன. உள்ளே இருக்கவேண்டிய செவியை, அதாவது பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் பொறியை, நால்வர் கூடி ஆக்கிவிட முடியாது. பல்லாயிரம் மணித்தியால ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயிற்றப்பட வேண்டியது அது. ஆதலின் ஏற்கெனவே உள்ள சேவைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பதே வழியாயிற்று. கடையிற் பொருள் வாங்குவதுபோல் ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலையென மாணவர் மூவரும் கருதினர். அத்தெரிவு எட்டு மாதங்களை எடுத்துக்கொண்டது.

இப்பொறிகளின் வரலாறு நீண்டது. ஈண்டு சில வரிகள் போதும். 1952இல் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட ‘ஓட்ரி’ என்னும் பொறி இலக்கங்களை மட்டும், அதுவும் தனக்குப் பழக்கமான ஒருவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னால், அறிந்துகொண்டது. 1962இல் சியாற்றில் நகரின் உலகக் கண்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனம் காட்சிக்கு வைத்த பொறி பதினாறு சொற்களை அறிந்தது. 1970களில் அதே நிறுவனத்தைச் சேர்ந்த பிரெடெரிக் ஜெலினெக்கும் அவர்தம் குழுவினரும் மொழியியல் விதிகளைப் பொறிக்குப் புகட்டும் முயற்சியைப் பின்தள்ளி, எந்தச் சொல்லின் பின் எந்தச் சொல் வருதல் கூடும் என்னும் நிகழ்தகவுக் கணக்கை முன்னிறுத்தினர். இன்றைய பொறிகள் அமைப்பாற் பெரிதும் வேறுபட்டவையாயினும் இந்த அடிப்படையிலிருந்து விலகவில்லை. அவை கேட்பதோடு ஊகிக்கவும் செய்கின்றன. கேட்டது தெளிவற்றிருக்கும்போது ஊகம் மேலோங்குகின்றது. பின்னர் நான் கூறவிருக்கும் தொல்லைகளுக்கெல்லாம் வேர் இங்கேயே உள்ளது.

சேவைகளைத் தேடிப் புறப்படுபவர் முதலிற் காண்பது மொழிப்பட்டியல்களையாகும். இன்ன சேவை இத்தனை மொழிகளை அறியும் என்ற அறிவிப்பு எங்கும் உண்டு. கூகிள் நிறுவனம் 2017 ஆகஸ்டில் முப்பது மொழிவகைகளைத் தன் பட்டியலிற் புதிதாகச் சேர்த்தபோது தமிழை இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நான்காகப் பிரித்துக் காட்டியிருந்தது. வேறு சில நிறுவனங்களின் பட்டியல்களில் இந்தியத் தமிழ் ஒன்றே காணப்பட்டது. 2022 செப்டெம்பரில் ஓப்பின் ஏஐ நிறுவனம் ‘விஸ்பர்’ என்னும் பொறியை எவரும் எடுத்தாளத்தக்கதாக வெளியிட்டது. அது 680,000 மணித்தியால ஒலிப்பதிவுகளாற் பயிற்றப்பட்டது என்பதும், அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம் என்பதும் அந்நிறுவனமே வெளியிட்ட செய்திகள். எஞ்சியதைத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் பங்கிட்டுக்கொண்டன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ‘ஏஐஃபோர்பாரத்’ ஆய்வுக்குழுவும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான பொறிகளைத் திறந்த முறையில் வெளியிட்டு வந்துள்ளது.

பட்டியலில் ‘தமிழ்’ என்றிருப்பது யாருடைய தமிழ் என்பதைச் சொல்வதில்லை. ‘இலங்கை’ என்ற அடைமொழி சேர்ந்தாலும் ஐயம் தீராது. யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, மலையகமா, மன்னாரா, கொழும்பு முஸ்லிம்களின் வழக்கா? ஆங்கிலத்திற்கே இச்சிக்கல் உண்டு. அமேசன், அப்பிள், கூகிள், ஐ.பி.எம்., மைக்ரோசொப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பொறிகளை ஒப்பிட்டு 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, வெள்ளையரின் பேச்சில் நூறு சொல்லுக்குச் சராசரி 19 பிழையும் கறுப்பினத்தவரின் பேச்சில் 35 பிழையும் நேர்ந்தமையைக் காட்டியது. உலகிற் பெருமளவு பதிவு செய்யப்பட்ட மொழியில், அதே நாட்டுக்குள் நிலவும் வேறுபாடு இது. தமிழின் கிளைவழக்குகளுக்கு என்ன நேரும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, பிழையை அளக்கும் கோலைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். சொற்பிழை வீதம் என்பதே இத்துறையின் வழக்கமான அளவுகோல். பொறி எழுதியதைச் சரியான படியுடன் ஒப்பிட்டு, மாறிய சொல், விடுபட்ட சொல், புதிதாக நுழைந்த சொல் ஆகியவற்றைக் கூட்டி, சரியான படியிலுள்ள சொற்றொகையால் வகுத்தால் அவ்வீதம் கிடைக்கும். கணக்கு எளியது. அதனைத் தமிழுக்குப் பொருத்தும்போது நேர்வதைக் காண்போம். விரிவுரையாளர் ‘இந்த விதி எல்லா இடத்திலும் பொருந்தாது’ என்கிறார். ஐந்து சொற்கள். ஒரு பொறி ‘இந்தவிதி எல்லா இடத்திலும் பொருந்தாது’ என முதலிரு சொற்களையும் சேர்த்து எழுதுகின்றது. ஒரு சொல் மாறியது, ஒரு சொல் விடுபட்டது என்று கணக்கு இரண்டு பிழை காண்கிறது, வீதம் 40. மற்றொரு பொறி ‘இந்த விதி எல்லா இடத்திலும் பொருந்தும்’ என்று எழுதுகின்றது. பிழை ஒன்றே, வீதம் 20. அளவுகோலின்படி இரண்டாவதே இருமடங்கு சிறந்த பொறி. அதனை நம்பிப் பரீட்சை எழுதும் மாணவியின் கதி யாது?

சேர்த்தெழுதுவதா பிரித்தெழுதுவதா என்ற சர்ச்சையைத் தமிழறிஞர்களே முடித்துவைக்காத நிலையில் பொறியைக் குறைகூறிப் பயனில்லை. இதே போன்றது பிறமொழிச் சொற்களின் எழுத்துக்கூட்டல். நாம் ‘ரிக்கெற்’, ‘ரெலிபோன்’ என எழுதுவனவற்றைத் தமிழகத்தார் ‘டிக்கெட்’, ‘டெலிபோன்’ என்பர். பொறி தமிழகத்து எழுத்திற் பயின்றது. கேட்டது சரி, எழுதியது அவர்கள் முறை. எமது படியோடு ஒப்பிடுகையில் அத்தனையும் பிழை. இவற்றைக் கணக்கிலிருந்து விலக்கச் சீராக்க நிரல்களைப் பயன்படுத்துவர். ஆங்கிலத்திற் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, நிறுத்தக்குறிகள் முதலிய வேறுபாடுகளைக் களைவதற்கென எழுந்தவை அவை. விஸ்பருடன் வெளியான பொதுச் சீராக்க நிரல் குறிகளைக் களையும்போது தமிழின் புள்ளிகளையும் விசிறிகளையும் கொம்புகளையும் அரவுகளையும் கூடக் குறிகளென்றே கொண்டு களைந்துவிடுகின்றது. அதன் கையிற் பட்டால் ‘கொடி’, ‘காடு’, ‘கூடை’ ஆகிய மூன்றும் வெறும் ககரமும் டகரமுமாகி ஒன்றாய்விடும். கொடியைக் காடென்று எழுதிய பொறிக்கும் முழுப்புள்ளி. இவ்வாறு பெறப்பட்ட வீதங்களும் விளம்பரங்களிற் கலந்திருத்தல் கூடும் என்பதை அறிந்த பின்னர், பிறர் வெளியிட்ட எண்களை நாங்கள் மேற்கொண்டு பார்க்கவில்லை. தொல்காப்பியர் புள்ளியைப் பற்றி ஏன் அவ்வளவு கவலைப்பட்டார் என்பது அன்று என் மாணவருக்கு நன்றாக விளங்கியது.

எனவே எமக்கு வேண்டிய பரிசோதனையை நாமே அமைத்துக்கொண்டோம். விரிவுரையாளர் அறுவரின் அனுமதியைப் பெற்று, உண்மையான விரிவுரைகளிலிருந்து ஒவ்வொருவரிடமும் பதினைந்து நிமிடப் பகுதியைத் தெரிந்தெடுத்தோம். யாழ்ப்பாணத்தவர் இருவர், மட்டக்களப்பார் ஒருவர், மலையகத்தவர் ஒருவர், மன்னாரைச் சேர்ந்தவர் ஒருவர், கொழும்பில் வளர்ந்த முஸ்லிம் ஒருவர். மின்விசிறியின் இரைச்சல், கதிரை இழுபடும் ஒலி, பின்வாங்கிலிருந்து எழும் இருமல் எதனையும் நீக்கவில்லை. தொண்ணூறு நிமிடப் பேச்சையும் கையால் எழுதிச் சரிபார்ப்பது எளிதாக இருக்கவில்லை. பதினைந்து நிமிடப் பகுதியொன்று ஒரு மாணவனின் ஒரு பிற்பகலை முழுமையாக உண்டது. இப்பணியின்போதுதான் எமக்கு மற்றொரு வினா எழுந்தது: பேசியதைப் பேசியவாறே எழுதுவதா, எழுத்துத்தமிழாக்கி எழுதுவதா? பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் ‘நானாடகம்’ என்ற நூலில் யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கை அச்சில் ஏற்றியபோது எதிர்கொண்டிருக்கவேண்டிய வினாவும் இதுவே. மாணவியிடமே கேட்டோம். “சேர் சொல்லுறமாதிரியே எழுதுங்கோ. நான் பதினொரு வயசு வரைக்கும் கேட்ட தமிழ் அதுதானே” என்றாள். வாதம் அத்துடன் முடிந்தது.

நான்கு சேவைகளைப் பரிசோதித்தோம். மூன்று இணையவழி வருவன. ஒன்று எமது கணனியிலேயே இயங்கத்தக்கது. பெயர்களைக் கூறாது அ, ஆ, இ, ஈ எனக் குறிக்கின்றேன். இவை மாதந்தோறும் மாறுவன; இன்று எழுதும் பழி நாளை பொருந்தாது போகலாம்.

மலையக விரிவுரையாளரின் பேச்சை நான்கும் எளிதாக ஏற்றன. அவரது வழக்குத் தமிழகத்து வழக்குக்கு அண்மையது என்பதே காரணம். ஏனையோர் நிலை வேறு. யாழ்ப்பாணத்தவர் ‘இது’, ‘அது’ என்பவற்றுக்கு இடையில் ‘உது’ என ஒன்று வைத்திருப்பதைத் தமிழகத்துப் பேச்சிற் பயின்ற பொறி அறியாது. ‘உது பேந்து வந்த கருத்து’ என்றது ஒரு சேவையில் ‘எது பெயர்ந்து வந்த கருத்து’ ஆயிற்று. மட்டக்களப்பாரின் ‘மறுகா’ என்னும் சொல் ‘மறு கால்’ ஆகித் திரையெங்கும் உலாவியது. ‘அவை சொல்லினம்’ என்று அறிஞர்களின் கருத்தை மரியாதையோடு எடுத்துரைத்த வரி ‘அவை சொல் இனம்’ என்று வந்து நின்றது. இலக்கண விரிவுரையாயின் அதனைப் பொருளுள்ள வாக்கியமென்றே ஒருவர் குறித்துக்கொண்டிருப்பார். சங்கத்து நண்பர்களிடம் இதனைக் காட்டியபோது எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன்.

சிரிப்புக்கு இடமற்ற பிழை ஒன்றும் இருந்தது. அரசியல் வரலாற்று விரிவுரையொன்றில் யாழ்ப்பாணத்து விரிவுரையாளர், ‘டொனமூர் ஆணைக்குழு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஏற்றுக்கொள்ளேல்லை’ என்று கூறியிருந்தார். 1928இல் வெளியான அந்த அறிக்கை இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நிராகரித்தமை நம் நாட்டு வரலாற்றின் திருப்பங்களுள் ஒன்று. ‘அ’ சேவை ‘ஏற்றுக்கொள்ள எல்லை’ என எழுதியது. ‘ஆ’ சேவை ‘ஏற்றுக்கொண்டது’ என எழுதியது. சொற்பிழைக் கணக்கில் முன்னது இரண்டு பிழை, பின்னது ஒன்று. நான்கு சேவைகளுள்ளும் மொத்தத்தில் மிகக் குறைந்த வீதத்தைப் பெற்றதும் ‘ஆ’ சேவையே.

இவ்விரு பிழைகளையும் மாணவியிடம் காட்டினோம். ‘எல்லை’ என்பதைக் கண்டதும் அவள், “இது ‘ஏல்லை’யா இருக்கவேணும்” என்று திருத்திவிட்டாள். மற்றதைப் பார்த்துத் தலையசைத்தாள். அதில் அவளுக்கு எந்த ஐயமும் எழவில்லை. எழுவதற்கு நியாயமும் இல்லை. செவியுள்ளவன் திரையையும் பார்த்துக் குரலையும் கேட்கிறான். இரண்டும் முரண்பட்டாற் செவியை நம்புகிறான். அவளுக்குத் திரையைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஆகவே அவளைப் பொறுத்தவரையிற் பிழைகள் இருவகை: பிழையெனத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் பிழை, செம்மையான வாக்கியமாய் வேடமிட்டு வரும் பிழை. எங்கள் தெரிவு முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றியே அதன் பின் நடந்தது.

இரண்டாம் வகைப் பிழை தமிழில் ஏன் எளிதாக நேர்கிறது என்பதை ஆராய்ந்தபோது இரண்டு காரணங்கள் புலப்பட்டன. தமிழில் எதிர்மறை வினையின் ஈற்றில் நிற்பது; வினையோ வாக்கியத்தின் ஈற்றில் நிற்பது. எம் விரிவுரையாளர்களோ, பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதிலிருந்து கூறுகிறேன், வாக்கியம் முடியும்போது குரலைத் தாழ்த்திவிடுகின்றனர். பொருளைத் தலைகீழாக்கவல்ல ஓரசை, குரல் மிக மெலிந்திருக்கும் இடத்தில் வந்து விழுகின்றது. அவ்விடத்திற் பொறிக்குக் கேட்பது குறைவு. ஆதலின் ஊகம் கூடுதல். ‘கொள்ளேல்லை’ என்ற வடிவத்தை அது கண்டதில்லை. ‘கொண்டது’ என்பதைப் பல்லாயிரந் தடவை கண்டிருக்கின்றது. மற்றைய காரணம், சில சேவைகள் பேச்சைச் செம்மைப்படுத்தித் தருவதைச் சிறப்பாகக் கருதுகின்றமை. தடுமாற்றங்களை நீக்கி, அரைகுறை வாக்கியங்களை நிரப்பி, வாசிக்க இனிதாக்கித் தருகின்றன. அலுவலகக் கூட்டக் குறிப்புக்கு அது நன்று. எமக்கு அந்த இனிமையே ஆபத்தாயிற்று.

பேசாத பேச்சையும் பொறி எழுதும் என்பது இன்னொரு வியப்பு. விஸ்பரைப் பற்றி 2024இல் வெளியான ஆய்வொன்று, பரிசோதித்த ஒலித்துண்டுகளில் நூற்றுக்கு ஒன்றளவில் எவரும் சொல்லாத முழுச்சொற்றொடர்கள் எழுதப்பட்டிருந்தமையைக் காட்டியது. பேச்சிடையே நெடிய மௌனங்கள் உள்ளவரின் பதிவுகளில் இது கூடுதலாக நேர்ந்தது. விரிவுரை மண்டபத்தில் மௌனத்துக்குக் குறைவில்லை. பலகையில் எழுதும்போது மௌனம். வினாவொன்றைக் கேட்டு மாணவரை நோக்கும்போது அதனினும் நெடிய மௌனம். ஆதலாற் பேச்சில்லாத பகுதிகளை முன்னதாகவே வெட்டியெறியும் ஒரு சிறு நிரலைப் பொறிக்கு முன்னால் நிறுத்தவேண்டியதாயிற்று. இது எந்தச் சேவையைத் தெரிந்தாலும் செய்யத்தக்கது.

வேகத்தைப் பற்றி நாங்கள் கொண்டிருந்த எண்ணத்தை மாணவியே மாற்றினாள். உடனுக்குடன் எழுதுவதே சிறப்பென நாம் கருதியிருந்தோம். உடனுக்குடன் எழுதும் சேவைகள் முதலில் ஒரு தற்காலிக எழுத்தைக் காட்டிவிட்டு, அடுத்த சொற்களைக் கேட்டதும் அதனை மாற்றுவன. ‘பொருந்து’, ‘பொருந்தும்’, ‘பொருந்தாது’ எனக் கண்முன்னே எழுத்து உருமாறும். “ஓடி ஓடித் திருந்துறது கண்ணுக்குக் களைப்பு, சேர். பிந்தி வந்தாலும் பரவாயில்லை, வந்தது நிக்கவேணும்” என்றாள். இதனால் மெதுவான சேவைகளுக்கும் வழி திறந்தது. அதற்கொரு விலையும் உண்டு. விரிவுரையாளரின் நகைச்சுவை ஆறேழு செக்கன் கழித்தே அவளை வந்தடையும். மண்டபம் சிரித்து ஓய்ந்த பின்னர் அவள் தனியே சிரிப்பாள். விரிவுரையாளர் அடுத்த கருத்துக்குப் போயிருப்பார். “முந்தி மற்றவை ஏன் சிரிக்கினமெண்டே தெரியாது. இப்ப தெரியுது, நேரம்தான் வேறை” என்றாள்.

விலை பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. 2023 மார்ச்சில் விஸ்பர் இணையச் சேவையாக அறிவிக்கப்பட்டபோது நிமிடத்துக்கு 0.006 டொலர் எனக் குறிக்கப்பட்டிருந்தது. மணித்தியாலத்துக்கு 36 சதம். வாரம் பதினைந்து மணித்தியாலமாகப் பதினைந்து வாரப் பருவமொன்றுக்கு 81 டொலர். சில சேவைகள் இதனினும் பலமடங்கு. ஒருத்திக்கு இது தாங்கக்கூடியதே. ஆயினும் 2022இல் ரூபாவின் பெறுமதி ஒரு சில மாதங்களிற் சரிந்த விதத்தைக் கண்டவர்கள், டொலரில் மாதந்தோறும் அறவிடப்படும் எதனையும் பல்கலைக்கழகமொன்றின் நிலையான ஏற்பாடாக எண்ணத் தயங்குவர்.

விலையினும் கடினமான வினாவை எழுப்பியவர் அந்த அரசியல் வரலாற்று விரிவுரையாளரே. “என்ரை குரல் எங்கை போகுது? அங்கை எத்தினை நாள் கிடக்கும்? ஆர் கேப்பினம்?” என்று அவர் கேட்டார். இணையவழிச் சேவையாயின் குரல் நாட்டுக்கு வெளியேயுள்ள கணனிக்குச் செல்கின்றது. சிலவற்றில் நாமே விலக்காவிடின் அது மேலும் பயிற்சிக்குப் பயன்படலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம் இத்தகையவற்றை ஒழுங்குபடுத்த எழுந்தது. சட்டத்தை எடுத்துக்காட்டி அவருக்கு விடையளித்திருக்கலாம். எம் நாட்டில் தம் பேச்சுப் பதிவாவதை அஞ்சுவதற்குக் காரணம் உள்ளவர் பலர் என்பதை அறிந்தவராதலின், அந்த விடை அவருக்குப் போதாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. வகுப்பறையில் ஒருவர் துணிந்து பேசுவது சுவர்களை நம்பி. அச்சுவர்களை மாணவியொருத்தியின் பொருட்டு நாம் நீக்கினால், நாளடைவில் அவளுக்குக் கிடைப்பது எழுத்துவடிவிலான, அச்சம் கலந்த விரிவுரையாகவே இருக்கும்.

இவ்வாறு நோக்கியபோது, சொற்பிழை வீதத்தில் இரண்டாவதாக நின்ற ‘ஈ’ சேவையையே தெரிந்தோம். எமது துறையின் கணனியொன்றிலேயே அது இயங்குகின்றது; குரல் வளாகத்தை விட்டு வெளியேறுவதில்லை; விரிவுரை முடிந்ததும் பதிவு அழிக்கப்படும், விரிவுரையாளர் வைத்திருக்கச் சொன்னாலன்றி. எல்லாவற்றினும் மேலாக, ஒவ்வொரு சொல்லுடனும் அச்சொல்லிற் பொறிக்குள்ள நம்பிக்கையை ஓர் எண்ணாகத் தருகின்றது. ‘ஆ’ சேவை எமக்கு அதனைத் தரவில்லை. நம்பிக்கை குறைந்த சொல்லின் கீழ்க் கோடிடுகின்றோம். மிகக் குறைந்த இடத்திற் சொல்லையே எழுதாது மூன்று புள்ளிகளை வைக்கின்றோம். புள்ளிகளைக் கண்டால் அவள் கையுயர்த்திக் கேட்பாள், அல்லது பக்கத்திலிருப்பவளின் கொப்பியைப் பார்ப்பாள். வாக்கிய இறுதியிலுள்ள வினைச்சொற்களுக்கு மட்டும் எல்லையைச் சற்று உயர்த்தி வைத்துள்ளோம். அதனாற் கோடுகள் கூடின, அவள் முறையிடவில்லை. இந்த எண்ணும் பொறியின் சொந்த மதிப்பீடே. தவறான சொல்லைப் பொறி முழு நம்பிக்கையோடு எழுதுவதும் உண்டு. ஆயினும் ‘கொள்ளேல்லை’ வந்த இடங்களில் அது தடுமாறியமை எண்ணில் தெரிந்தது. அதுவே எமக்குப் போதுமாயிருந்தது.

சிறப்புப் பெயர்களுக்கு வேறொரு வழி கண்டோம். ‘டொனமூர்’, ‘கோல்புறூக்’, ‘சோல்பரி’ போன்றவற்றை முன்னரே பட்டியலிட்டுக் கொடுத்தால் பொறி அவற்றை எதிர்பார்த்திருக்கும். பட்டியல் நீண்டால் சொல்லாத இடத்திலும் அப்பெயர்கள் தலைகாட்டும். ஆகவே ஒரு விரிவுரைக்கு இருபது பெயருக்கு மேல் வேண்டாமென்று விரிவுரையாளர்களைக் கேட்டுக்கொண்டோம். முதல்நாளே பட்டியல் தருவோரும் உளர். மண்டப வாசலில் நின்று துண்டுத்தாளில் எழுதித் தருவோரும் உளர்.

இப்பொழுது வகுப்புத் தோழர் நால்வர் முறைவைத்து, விரிவுரை முடிந்தபின் திரையெழுத்தைத் திருத்திக் கொடுக்கின்றனர். விரிவுரையாளரின் ஒப்புதலோடு வைக்கப்பட்ட பதிவுகளும் அத்திருத்தங்களும் சேர்ந்து, பொறியை எம் வழக்குக்குப் பழக்கும் பயிற்சிப் பொருளாகின்றன. முதற் பருவத்தின் முடிவில் ‘உது’வும் ‘பேந்து’ம் ஓரளவுக்குச் சரியாக வரத்தொடங்கின. மட்டக்களப்பு வழக்குக்குப் போதிய பதிவு இன்னும் சேரவில்லை. ‘மறு கால்’ இன்றும் அவ்வப்போது திரையில் நடக்கின்றது. கிழக்கைச் சேர்ந்த மாணவர் இருவர் அடுத்த பருவத்திலிருந்து அப்பதிவுகளைத் திருத்துவதற்கு இசைந்துள்ளனர். மன்னார் வழக்கை அறிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கின்றோம். மாலை நான்கு மணிக்குப் பின் கணனித்துறை இரண்டாம் மாடி ஆய்வுகூடத்தில் எம்மைக் காணலாம்.